கோர்டன் மெக்கே

கோர்டன் மெக்கே (மே 4, 1821 - அக்டோபர் 19, 1903) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த இயந்திரப் பொறியாளரும் தொழில் முனைவோரும் ஆவார். காலணியின் அடித்தோலை மேல்தோலுடன் சேர்த்துத் தைக்கும் இயந்திரத்தைத் தொழிற்சாலைகளில் பயன்படத்தக்க நிலைக்குக் கொண்டு வந்தவர் இவரே. அந்த இயந்திரத்தை முதலில் கண்டுபிடித்தவர் லைமன் பிளேக். ஆயினும் அமெரிக்காவில் அது மெக்கே இயந்திரம் என்றும், அதன் தையல் மெக்கே தையல் என்றும் பெயர் பெற்றன. ஐரோப்பாவில் அதே தையல் பிளேக் தையல் என்று அழைக்கப்படுகிறது.

இயந்திரத்தை விற்காமல், தைக்கப்படும் ஒவ்வொரு சோடிக்கும் கட்டணம் பெற்றுக்கொண்டு வாடகைக்கு விடும் முறையைக் காலணித் தொழிலில் பரவச் செய்தவரும் மெக்கேயே. இம்முறையால் பெரிய முதலீடு இல்லாதவர்களும் இயந்திரத்தைப் பெற முடிந்தது. ஆனால் அவர்கள் எவ்வளவு காலம் கட்டணம் செலுத்தினாலும் அவ்வியந்திரம் அவர்களுக்குச் சொந்தமாகவில்லை. இவர் தமது செல்வத்தின் பெரும்பகுதியை ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்கு எழுதி வைத்தார்.

இளமைக்காலம்

மெக்கே மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மேற்குப் பகுதியிலுள்ள பிட்ஸ்ஃபீல்ட் என்னும் ஊரில் பிறந்தார். இளமையில் இவரது உடல்நலம் நன்றாக இருக்கவில்லை. பொறியியல் பயிற்சி பெற்ற இவர் பாஸ்டன் - அல்பனி இருப்புப்பாதையிலும், பின்னர் ஈரி கால்வாயிலும் பணியாற்றினார்.

1845 ஆம் ஆண்டு, தமது 24 ஆம் வயதில், பிட்ஸ்ஃபீல்டில் ஓர் இயந்திரப் பட்டறையைத் தொடங்கினார். சுற்றுப்புறத்திலிருந்த காகித ஆலைகளின் இயந்திரங்களும் பருத்தி ஆலைகளின் இயந்திரங்களும் அங்கு பழுதுபார்க்கப்பட்டன. 1852 ஆம் ஆண்டு லாரன்ஸ் நகரிலிருந்த லாரன்ஸ் இயந்திரப் பட்டறையின் பொருளாளராகவும் பொது மேலாளராகவும் பொறுப்பேற்றார். எனவே காலணித் தொழிலுக்குள் வருமுன்பே இயந்திரங்கள் எங்கே தேய்கின்றன, எதனால் நிற்கின்றன என்பதை நன்கு அறிந்தவராக இவர் இருந்தார்.

அன்றைய காலணித் தொழில்

19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மாசசூசெட்ஸ் மாநிலத்தில் காலணிகள் பெரும்பாலும் சிறு கொட்டகைகளிலேயே செய்யப்பட்டன. இவை ஏறத்தாழ பத்தடி நீளமும் பத்தடி அகலமும் கொண்டவை. ஆதலால் பத்தடிக் கொட்டகைகள் என்றே அழைக்கப்பட்டன. வணிகர் தோலை வெட்டிக் கொடுப்பார். மேல்தோலின் துண்டுகளைப் பெண்கள் வீட்டிலிருந்தபடி தைத்து இணைப்பர். ஆண்கள் கொட்டகைகளில் அமர்ந்து மேல்தோலை அச்சுக்கட்டையின் மீது இழுத்துப் பொருத்தி அடித்தோலைச் சேர்ப்பர்.

அடித்தோலைச் சேர்க்க அக்காலத்தில் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, குத்தூசியால் துளையிட்டு மெழுகு பூசிய நூலால் கையில் தைப்பது. இது உறுதியானது, ஆனால் அதிக நேரம் எடுப்பது. மற்றொன்று, சிறு மர ஆணிகளை அடித்து இணைப்பது. இது விரைவானது, ஆனால் அடிப்பகுதி வளையாமல் விறைப்பாக இருக்கும்.

எலியாஸ் ஹோவ் 1846 ஆம் ஆண்டு தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1850-களில் மேல்தோலைத் தைப்பதற்குத் தையல் இயந்திரங்கள் வந்துவிட்டன. மேல்தோல் மெல்லியது, மேசையில் விரித்துத் தைக்கக்கூடியது. அடித்தோல் அப்படிப்பட்டதன்று. அது தடிப்பானது. மேலும் காலணி உருவம் பெற்ற பிறகே அதைத் தைக்க வேண்டும். மூடிய காலணியின் உட்புறத்துக்கு நூலை எவ்வாறு கொண்டு செல்வது என்பதே தீராத சிக்கலாக இருந்தது.

பிளேக்கின் இயந்திரம்

இச்சிக்கலுக்கு விடை கண்டவர் லைமன் ரீட் பிளேக் (1835 - 1883). மாசசூசெட்ஸில் தென் அபிங்டன் என்னும் ஊரில் பிறந்த இவர் சிறு வயதிலிருந்தே காலணித் தொழிலில் வளர்ந்தவர். சிங்கர் தையல் இயந்திரங்களைக் காலணித் தொழிற்சாலைகளில் நிறுவும் பணியிலும் ஈடுபட்டிருந்தார். பின்னர் ஒரு காலணி நிறுவனத்தில் பங்குதாரரானார்.

பிளேக் இயந்திரத்தை மட்டும் சிந்திக்கவில்லை. இயந்திரத்துக்கு ஏற்றவாறு காலணியின் அமைப்பையும் மாற்றினார். அவரது காலணியில் மேல்தோலின் ஓரம் உள்ளடித்தோலுக்கும் அடித்தோலுக்கும் இடையே மடிக்கப்படும். இம்மூன்றையும் ஊடுருவி ஒரே தையல் செல்லும். காலணியை ஒரு கொம்பின் மீது மாட்டித் தைப்பர். வளைந்த தாங்கியாகிய இக்கொம்பு காலணியின் உட்புறத்தில் நுழைந்து நிற்கும். நூல் கொம்பின் உள்வழியாக வந்து அதன் நுனியை அடையும். வெளியிலிருந்து இறங்கும் கொக்கி ஊசி அடித்தோலையும் உள்ளடித்தோலையும் துளைத்துச் சென்று நூலைப் பற்றி மேலே இழுக்கும். இவ்வாறு ஒற்றை நூலால் ஆன சங்கிலித் தையல் உருவாகும்.

1858 ஆம் ஆண்டு சூலை 6 ஆம் நாள் பிளேக்குக்கு 20,775 என்ற எண்ணுள்ள காப்புரிமை வழங்கப்பட்டது. ஆனால் அவரது முதல் இயந்திரம் முழுமையானதன்று. காலணியின் பக்கங்களைத் தைக்க முடிந்ததே தவிர, வளைவு மிகுந்த முன்பகுதியைச் சுற்றித் தைக்க இயலவில்லை. எஞ்சியதைக் கையால் முடிக்க வேண்டியிருந்தது.

காப்புரிமையை வாங்குதலும் திருத்தங்களும்

1859 ஆம் ஆண்டு மெக்கே பிளேக்கின் காப்புரிமையை வாங்கினார். விலையின் ஒரு சிறு பகுதி ரொக்கமாகவும், பெரும்பகுதி பின்னாளில் வரும் இலாபத்திலிருந்தும் கொடுக்கப்படுவதாக உடன்பாடு ஏற்பட்டது. உடல்நலம் குன்றியிருந்த பிளேக் வர்ஜீனியா மாநிலத்தின் ஸ்டாண்டன் நகருக்குச் சென்று காலணிக் கடை நடத்தினார். 1861 ஆம் ஆண்டு உள்நாட்டுப் போர் தொடங்கியபோது வடக்கே திரும்பி மெக்கேயுடன் சேர்ந்து பணியாற்றினார்.

மெக்கே, பிளேக், ராபர்ட் மாதீஸ் ஆகியோரின் உழைப்பால் இயந்திரம் திருந்தியது. கொம்பு சுழலும் வகையில் அமைக்கப்பட்டது இத்திருத்தங்களில் முதன்மையானது. கொம்பு சுழன்றதால் காலணியையும் திருப்ப முடிந்தது. முன்பகுதி உட்பட அடித்தோல் முழுவதையும் ஒரே ஓட்டத்தில் தைக்க முடிந்தது. நூலில் ஏறும் மெழுகு இறுகிவிடாதிருக்கக் கொம்பைச் சூடாக வைக்கவும் ஏற்பாடு செய்யப்பட்டது. மெழுகு இளகிய நிலையில் நூல் துளைக்குள் செல்லும். பின்னர் அது குளிர்ந்து இறுகும்போது தையல் தோலுடன் பற்றிக்கொள்ளும்.

தேர்ந்த கைத்தொழிலாளி ஒருவர் நாள் முழுவதும் உழைத்துச் சில சோடிகளையே தைத்தார். இந்த இயந்திரத்தால் ஒரு நாளில் நூற்றுக்கணக்கான சோடிகளைத் தைக்க முடிந்தது. போரின்போது படைவீரர்களுக்குப் பெருமளவில் காலணிகள் தேவைப்பட்டன. கைத்தொழிலாளர் பலர் படையில் சேர்ந்திருந்தனர். இவ்விரண்டும் இயந்திரத்தின் பரவலுக்குத் துணையாயின.

வாடகை முறை

மெக்கே முதலில் இயந்திரங்களை விற்கவே எண்ணினார். ஆனால் போர்க்காலத்தில் உற்பத்தியாளர்களிடம் பணம் குறைவாக இருந்தது. புதிய இயந்திரம் ஒன்றில் முதலீடு செய்ய அவர்கள் தயங்கினர். எனவே மெக்கே வேறொரு வழியைக் கையாண்டார். தொடக்கக் கட்டணம் பெற்றுக்கொண்டு இயந்திரத்தைப் பட்டறையில் நிறுவித் தந்தார். அதன்பின் தைக்கப்படும் ஒவ்வொரு சோடிக்கும் சில சென்ட்டுகள் உரிமைத்தொகையாகச் செலுத்தப்பட வேண்டும். உரிமைத்தொகை செலுத்தியதற்கு அடையாளமாக முத்திரை வில்லைகள் விற்கப்பட்டன. அவை காலணிகளில் ஒட்டப்பட்டன.

இம்முறையில் உற்பத்தியாளருக்குச் சில நன்மைகள் இருந்தன. இயந்திரத்தின் முழு விலையையும் முன்கூட்டியே கொடுக்க வேண்டியதில்லை. வேலை இல்லாத மாதத்தில் உரிமைத்தொகையும் குறையும். இயந்திரம் நன்றாக ஓடினால்தான் மெக்கேக்கு வருவாய் என்பதால், அதைப் பழுதின்றி வைத்திருப்பதிலும் மேன்மேலும் திருத்துவதிலும் அவருக்கே அக்கறை இருந்தது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. விலைக்கு வாங்கிய இயந்திரத்தின் செலவு ஒரு காலத்தில் முடிந்துவிடும். வாடகை இயந்திரத்தின் செலவு முடிவதில்லை. அதிகமாகத் தைப்பவர் அதிகமாகச் செலுத்தினார். இயந்திரத்தை விற்கவோ, தம் விருப்பப்படி மாற்றவோ அவருக்கு உரிமையில்லை. அவர் எத்தனை சோடி செய்தார் என்ற கணக்கும் இயந்திர நிறுவனத்துக்குத் தெரிந்திருந்தது.

தொழிலாளர் மீதான விளைவுகள்

இயந்திரம் வருமுன்பே காலணித் தொழிலாளரின் கூலி குறையத் தொடங்கியிருந்தது. 1860 ஆம் ஆண்டு பெப்ரவரி 22 ஆம் நாள் மாசசூசெட்ஸின் லின் நகரில் தொடங்கிய வேலைநிறுத்தம் சுற்றியுள்ள ஊர்களுக்கும் பரவியது. உள்நாட்டுப் போருக்கு முன் அமெரிக்காவில் நடந்த வேலைநிறுத்தங்களுள் இதுவே மிகப் பெரியது.

அடித்தோல் தைக்கும் இயந்திரம் வந்தபின் மாற்றம் விரைவுபட்டது. இயந்திரத்துக்கு நீராவி ஆற்றல் தேவைப்பட்டதால் வேலை கொட்டகையிலிருந்து தொழிற்சாலைக்கு மாறியது. போர் முடிந்து திரும்பிய தொழிலாளர் பலர் தமது கொட்டகைத் தொழில் மறைந்து வருவதைக் கண்டனர். 1867 ஆம் ஆண்டு மில்வாக்கி நகரில் புனித கிறிஸ்பின் வீரர்கள் என்னும் தொழிலாளர் சங்கம் உருவானது. தொழில் கற்காதவர்களை இயந்திரங்களில் அமர்த்துவதை இச்சங்கம் எதிர்த்தது. சில ஆண்டுகளில் அந்நாட்டின் பெரிய தொழிற்சங்கங்களுள் ஒன்றாக வளர்ந்து, 1870-களில் தேய்ந்து மறைந்தது.

அதே இயந்திரம் வேறொருவருக்கு வழி திறந்தது. தென்னமெரிக்காவின் சூரினாமில் பிறந்த கறுப்பினத்தவரான யான் எர்ன்ஸ்ட் மட்செலிகர் (1852 - 1889) லின் நகரில் ஒரு தொழிற்சாலையில் மெக்கே இயந்திரத்தை இயக்கும் வேலையில் சேர்ந்தார். தைப்பது விரைவாக நடந்தாலும், மேல்தோலை அச்சுக்கட்டையில் இழுத்துப் பொருத்துவது கைவேலையாகவே இருந்ததால் பணி அங்கே தேங்கி நிற்பதைக் கவனித்தார். அவ்வேலையைச் செய்யும் இயந்திரத்தை உருவாக்கி 1883 ஆம் ஆண்டு மார்ச் 20 ஆம் நாள் காப்புரிமை பெற்றார்.

மெக்கே தையலும் வெல்ட் தையலும்

மெக்கே தையலில் செய்த காலணி இலேசானது, நன்றாக வளைவது, செலவு குறைந்தது. ஆனால் தையல் காலணியின் உட்புறம் வரை செல்வதால் நூலின் வரிசை பாதத்தில் உறுத்தக்கூடும். அதை மறைக்க உட்புறத்தில் மெல்லிய தோலை ஒட்டுவர். ஊசித் துளைகள் வழியாக ஈரம் உள்ளே வரவும் கூடும்.

இக்குறைகள் இல்லாத மற்றொரு முறையும் இயந்திரத்துக்கு வந்தது. ஆகுஸ்ட் டெஸ்டூய் என்பவர் வளைந்த ஊசி கொண்ட இயந்திரத்துக்கு 1862 ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார். இரப்பரை வன்மைப்படுத்தும் முறையைக் கண்டறிந்த சார்லஸ் குட்இயரின் மகன், அதே பெயர் கொண்டவர், இவ்வழியை வளர்த்தெடுத்தார். இம்முறையில் வெல்ட் எனப்படும் தோல் பட்டை முதலில் மேல்தோலுடனும் உள்ளடித்தோலுடனும் தைக்கப்படும். பின்னர் அடித்தோல் அப்பட்டையுடன் வெளிப்புறத்தில் தைக்கப்படும். அடித்தோலைத் தைக்கும் நூல் பாதத்தைத் தொடுவதில்லை. இது குட்இயர் வெல்ட் முறை எனப்படுகிறது. இதற்கு வேலையும் செலவும் அதிகம்.

நிறுவன இணைப்பும் வழக்குகளும்

மெக்கே 1895 ஆம் ஆண்டளவில் தொழிலிலிருந்து விலகினார். 1899 ஆம் ஆண்டு குட்இயர் காலணி இயந்திர நிறுவனம், மெக்கே காலணி இயந்திர நிறுவனம், மட்செலிகரின் காப்புரிமையைத் தன்னிடம் கொண்டிருந்த நிறுவனம் ஆகியவை இணைந்து யுனைட்டட் ஷூ மெஷினரி நிறுவனம் உருவானது. மெக்கேயின் வாடகை முறை இந்நிறுவனத்தின் அடிப்படை வணிக முறையாயிற்று.

ஒருவரின் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்தவர் போட்டியாளரின் இயந்திரத்தைப் பயன்படுத்தக் கூடாது என்பது போன்ற நிபந்தனைகள் வாடகை ஒப்பந்தங்களில் இடம்பெற்றன. 1922 ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் இத்தகைய நிபந்தனைகள் செல்லாது என்று தீர்ப்பளித்தது. 1953 ஆம் ஆண்டு மாசசூசெட்ஸிலுள்ள கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் இந்நிறுவனம் முற்றுரிமை கொண்டு செயல்பட்டதாகக் கண்டது. வாடகைக்கு விடும் இயந்திரங்களை விலைக்கும் தர வேண்டும் என்று ஆணையிட்டது. 1954 ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இயந்திரத்தை வாடகைக்கு எடுப்பதா, விலைக்கு வாங்குவதா என்று முடிவு செய்யும் உரிமை இவ்வாறு மெக்கே மறைந்து அரை நூற்றாண்டுக்குப் பின் பயனாளர்களுக்குக் கிடைத்தது.

பழுதுபார்க்கும் பட்டறைகளில்

மெக்கே காலத்தில் பிரிந்த இரு தையல் முறைகளும் இன்றளவும் பயன்பாட்டில் உள்ளன. ஆதலால் தேய்ந்த அடித்தோலை மாற்றித் தைக்கும் சிறு பட்டறைகள் இவ்விரண்டுள் எதற்குரிய இயந்திரத்தை வாங்குவது என்று முதலில் முடிவு செய்ய வேண்டியுள்ளது.

* கொம்புள்ள பிளேக் வகை இயந்திரம்: உட்புறம் வரை தையல் செல்லும் காலணிகளுக்கு உரியது. கொம்பு காலணிக்குள் நுழைந்தால்தான் தைக்க முடியும். ஆகவே குறுகிய காலணிகளுக்கும் உயர்ந்த கழுத்துள்ள காலணிகளுக்கும் கொம்பின் பருமனும் நீளமும் முக்கியம். ஒற்றை நூல் என்பதால் இதில் அடிநூல் உருளை இல்லை. சங்கிலித் தையல் அறுந்தால் பிரியக்கூடும் என்பதால் நூலில் மெழுகு நன்கு ஏற வேண்டும்.
* அடித்தோல் ஓரம் தைக்கும் இயந்திரம்: வெல்ட் காலணிகளுக்கு உரியது. மேல்நூலும் அடிநூலும் தோலின் நடுவே பின்னிக்கொள்ளும் பூட்டுத் தையலை இது இடுகிறது. ஓரிடத்தில் அறுந்தாலும் எளிதில் பிரியாது. ஆனால் பட்டை இல்லாத காலணிக்கு இது பயன்படாது.

வெல்ட் காலணியைத் தேவையானால் கையாலும் தைத்துவிடலாம்; தையல் வெளியே தெரியும் இடத்தில் இருக்கிறது. மெக்கே வகைக் காலணியின் உட்புறத் தையலைக் கையால் இடுவது கடினம். அவ்வகைக் காலணிகள் மிகுதியாக வரும் பட்டறைக்குக் கொம்புள்ள இயந்திரம் இன்றியமையாதது. வெல்ட் காலணிகளே மிகுதியாக வருமிடத்தில் ஓரம் தைக்கும் இயந்திரம் முதலில் தேவைப்படுகிறது. வருகின்ற காலணிகளை எண்ணிப் பார்த்த பின்பே இயந்திரத்தைத் தேர்ந்தெடுப்பது இதனால் பொருத்தமாகிறது. ஒட்டி மட்டுமே செய்யப்பட்ட காலணிகளுக்குப் பெரும்பாலும் இவ்விரண்டும் தேவைப்படுவதில்லை.

இவ்வியந்திரங்கள் நெடுங்காலம் உழைப்பவை. பழைய இயந்திரங்கள் கைமாறி விற்கப்படுவதும் வழக்கம். அவற்றை வாங்கும்போது கொம்பினுள் இருக்கும் பற்சக்கரங்களின் தேய்மானம், ஊசியும் குத்தூசியும் தடுமாற்றமின்றி ஒரே துளையில் இறங்குதல், மெழுகைச் சூடாக்கும் அமைப்பு, தைக்கக்கூடிய தோலின் தடிப்பு ஆகியவற்றைப் பார்ப்பர். எல்லாவற்றுக்கும் மேலாக ஊசிகளும் உதிரிப் பாகங்களும் இன்னும் கிடைக்கின்றனவா என்பது முக்கியமானது. மிசூரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரிலிருந்த லாண்டிஸ் நிறுவனம், பழுதுபார்க்கும் பட்டறைகளுக்கான அடித்தோல் தையல் இயந்திரங்களைச் செய்து பெயர் பெற்றது.

ஹார்வர்ட் நன்கொடை

மெக்கே பல ஆண்டுகள் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் அமைந்துள்ள கேம்பிரிட்ஜ் நகரில் வாழ்ந்தார். நிலவியலாளர் நதானியேல் ஷேலர் இவருடைய நண்பர். ஷேலர் அப்பல்கலைக்கழகத்தின் லாரன்ஸ் அறிவியல் பள்ளிக்குத் தலைவராக இருந்தவர். இருவரும் மொன்டானாவில் தங்கம் எடுக்கும் தொழிலிலும் ஈடுபட்டனர்.

மெக்கே தமது சொத்தை அறக்கட்டளையாக்கி, குறிப்பிட்ட சிலருக்கு வாழ்நாள் தொகை வழங்கியபின் எஞ்சியது ஹார்வர்டுக்குச் சேரும்படி உயில் எழுதினார். மனிதருக்குப் பயன்படும் வகையில் அறிவியலை நடைமுறைக்குக் கொண்டு வருவதற்கு அப்பணம் உதவ வேண்டும் என்பது அவரது நோக்கம். திறமையானவர்கள் விரும்பி வருமளவுக்குப் பேராசிரியர்களின் ஊதியம் தாராளமாக இருக்க வேண்டும் என்றும் அதில் குறிப்பிட்டிருந்தார்.

1914 ஆம் ஆண்டு ஹார்வர்டும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும் பொறியியல் கல்வியில் ஒத்துழைக்க உடன்பாடு செய்துகொண்டன. மெக்கே நிதியின் வருவாயைத் தொழில்நுட்பக் கழகத்தில் செலவிட அது வழிசெய்தது. உயிலின் நோக்கத்துக்கு இது பொருந்தாது என்று 1917 ஆம் ஆண்டு மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உடன்பாடு கைவிடப்பட்டு, நிதி ஹார்வர்டிலேயே செலவிடப்பட்டது.

மெக்கே பெயரால் அமைந்த பேராசிரியர் பதவிகள் ஹார்வர்டின் பொறியியல், பயன்பாட்டு அறிவியல் துறைகளில் இன்றும் உள்ளன. 1981 ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பெற்றவர்களுள் ஒருவரான நிக்கொலாஸ் புளோம்பெர்கன் இப்பதவிகளுள் ஒன்றை வகித்தவர்.

மறைவும் மதிப்பீடும்

மெக்கே 1903 ஆம் ஆண்டு அக்டோபர் 19 ஆம் நாள் ரோட் தீவு மாநிலத்தின் நியூபோர்ட் நகரில் காலமானார். இவரது உடல் பிறந்த ஊரான பிட்ஸ்ஃபீல்டில் அடக்கம் செய்யப்பட்டது.

இயந்திரத்தின் முதல் கருத்து பிளேக்குடையது. அதை முழுமையாக்கியதும், கடன் பெற முடியாத உற்பத்தியாளரின் பட்டறை வரை கொண்டு சென்றதும் மெக்கேயின் பணிகள். காலணியின் விலை குறைந்து பொதுமக்களுக்கு எட்டியதில் இவருக்குப் பங்குண்டு. கைத்தொழிலாளரின் கொட்டகைகள் மறைந்ததிலும், உற்பத்தியாளர்கள் தம்முடையதல்லாத இயந்திரங்களை நெடுங்காலம் நம்பியிருந்ததிலும் அவ்வாறே பங்குண்டு. அவரது இயந்திரத்தின் வழிவந்தவை இன்று சிறு பட்டறைகளில் உரிமையாளரின் சொந்த இயந்திரங்களாகவே ஓடுகின்றன.